தண்ணீர் படாத கறி: அட்டப்பாடியில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

சென்ற ஆண்டு பங்குனியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் மூன்று கிடா வெட்டினோம். இரவு ஒன்பது மணிக்கு வெட்டித் தோலுரித்து, ஒரே அண்டாத் தண்ணீரில் மூன்றையும் மாறி மாறி அலசி, சொட்டச் சொட்ட உரச்சாக்கில் போட்டு வாயைக் கட்டி, விடிந்ததும் சமையல்காரர் வருவாரே என்று கோயில் திண்ணையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தோம். காலையில் அவர் பின்னந்தொடையைப் பிளந்தபோது இடுப்பு மூட்டிலிருந்து எழுந்த நாற்றத்தில் பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மேல்கறி நல்ல சிவப்பாகத்தான் இருந்தது. எலும்பை ஒட்டிய கறிதான் பச்சை பாரித்துப் புளித்துக் கிடந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்டு ஓராண்டு வளர்த்த உயிர்களை அன்று குழி தோண்டிப் புதைத்தோம். அந்தக் குழியை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த நோம்பிக்குள் இந்த வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டே தீருவது என்று முடிவு செய்துதான் கேரளத்து அட்டப்பாடி மலையில் அகளிக்கு அருகே குடியிருக்கும் என் தாய்மாமாவிடம் இன்று வந்து சேர்ந்தேன்.

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறி ஆனைகட்டிப் பாலத்தைத் தாண்டினால் கேரளம். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறதே தவிர, பேருந்துக்குள் பேச்சு மாறுவதில்லை. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியில் பாதிப் பேர் தமிழில்தான் விலை கேட்கிறார்கள். மலை மறைப்பால் மழை குறைந்த பகுதி இது. வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குள் நுழைபவர்கள் காணும் பச்சை இங்கே இல்லை. காய்ந்த கரடும் கருவேலமும் அவற்றின் நிழலில் மேயும் கறுப்பு ஆடுகளுமே கண்ணில் படுகின்றன. அட்டப்பாடிக் கருப்பு என்று தனி இனமாகவே பதிவு பெற்ற ஆடு இது. கறுகறுவென்ற உடலில் செம்பு நிறக் கண். மாமா வீட்டுப் பட்டியில் பன்னிரண்டு உருப்படி நிற்கின்றன.

மாமா என்னை உட்காரவைத்து முதலில் பேசியது கத்தியைப் பற்றி அல்ல, ஆட்டின் மனநிலையைப் பற்றி. ஞாயிறன்று வெட்ட வேண்டிய கிடாவைச் சனிக்கிழமை காலையிலேயே துணைக்கு ஒரு மறியோடு நிழலில் கட்டிவிட வேண்டும், அன்று மாலை முதல் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு வைக்க வேண்டும் என்றார். வயிறு ஒட்டியிருந்தால் கத்தி தவறிப் பட்டு இரைப்பை கிழிய வாய்ப்புக் குறைவு என்பது எனக்கே புரிந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் புதிது.

"ஓட ஓட வெரட்டிப் புடிச்சு வெட்டுனா கறி கறுத்துப் போயிருமுங்க மாப்பிள்ளை. கையில ஒட்டும், சீக்கிரம் கெட்டும் போகும்."

இதற்கான காரணத்தை நான் படித்திருக்கிறேன், ஆனால் பட்டியில் நின்று கேட்கும்போதுதான் அது உறைத்தது. அமைதியாக இருந்த விலங்கின் சதையில் சேமிப்பாக உள்ள சர்க்கரைச் சத்து, உயிர் போனபின் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அதனால் சுமார் 7 என்ற அளவில் இருக்கும் சதையின் பி.எச். மதிப்பு ஒரு நாளுக்குள் 5.5க்கு அருகே இறங்குகிறது. அந்த மெல்லிய புளிப்புதான் கிருமிகளுக்கு எதிராகக் கறி தானே போட்டுக்கொள்ளும் வேலி. துரத்தப்பட்டுக் களைத்த விலங்கிடம் அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடுவதால் பி.எச். 6க்குக் கீழே இறங்காமலே நின்றுவிடுகிறது. எங்கள் கிடாக்களை மூன்று பேர் கோயில் மைதானம் முழுக்க விரட்டிப் பிடித்ததும், பிள்ளைகள் கைதட்டிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன.

இரண்டாம் நாள், வெள்ளி

விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. மரவள்ளிக் காட்டுக்குள் இரவு காட்டுப்பன்றி ஒன்று சுடப்பட்டிருக்கிறதாம். கேரளத்தில் விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் அந்த உத்தரவின்பேரில் சுடலாம், நஞ்சோ வெடியோ மின்வேலியோ கூடாது, சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும். கறியை எடுக்க எவருக்கும் உரிமையில்லை. வேட்டை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட ஒன்று என்பதால், ஒரு பெரிய காட்டு விலங்கின் உடலைச் சட்டப்படி அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு இப்படித்தான் கிடைக்கிறது.

நாங்கள் போனபோது மணி ஆறரை. இரவு பதினொன்றுக்குச் சுட்டது. எண்பது கிலோவாவது இருக்கும். குண்டு வயிற்றின் பின்புறமாகப் புகுந்திருந்தது. ஏழரை மணி நேரத்தில் வயிறு மத்தளம்போல் உப்பி, மேல்பக்கக் கால்கள் தரையைத் தொடாமல் விறைத்து நின்றன. மாமா ஒரு குச்சியால் அதன் பின்தொடை இடுக்கைச் சுட்டிக்காட்டி, அங்கே கை வைத்துப் பார்த்தால் இன்னும் சூடு இருக்கும் என்றார். வேலையாள் கையுறையோடு தொட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார். இரவுக் காற்று குளிர்ச்சியாகத்தான் வீசியிருந்தது. ஆனாலும் தடித்த தோலும் அடியில் கொழுப்பும் கம்பளிபோலப் போர்த்தியிருக்க, உள்ளே குடல் நொதித்துக்கொண்டிருக்க, அந்தச் சூடு எங்கே போகும்?

வட அமெரிக்காவில் எல்க் என்னும் பெரிய மான்களை வேட்டையாடுவோர் விலங்கு விழுந்த இடத்திலேயே, வண்டிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிடுவது இதற்காகத்தான். வளர்ந்த கிடா எல்க் 300 கிலோவைத் தாண்டும். அதை முழுதாகத் தூக்க முடியாது. எனவே சிலர் வயிற்றைத் திறக்காமலே மேல்பக்கத் தோலை உரித்து, முன்னஞ்சப்பை, பின்னஞ்சப்பை, முதுகுக்கறி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, புரட்டிப் போட்டு மறுபக்கமும் அவ்வாறே எடுக்கிறார்கள். எடுத்த கறி நெகிழிக்குள் போவதில்லை. காற்று புகும் மெல்லிய துணிப்பையில் இட்டு நிழல் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி, ரத்தம் கட்டிய சதையையும் ஈயத்துகள் சிதறியிருக்கக்கூடிய சதையையும் தாராளமாகவே வெட்டி எறிகிறார்கள். துணிப்பையைப் பற்றி நான் சொன்னதும் மாமா தன் பழைய மல்லு வேட்டிகளைக் கொதிக்க வைத்துக் காயப்போடும்படி அத்தையிடம் சொல்லிவிட்டார்.

பன்றியைப் புதைக்கக் குழி ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர், இத்தனை கறி வீணாகிறதே என்று மனம் பொறுக்காமல் சொன்னார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் காட்டில் செத்துக்கிடக்கும் எதையும் கத்தியால் தொடக்கூடாது என்பதற்கு இந்த மலையிலேயே காரணம் உண்டு. 2021இல் ஆனைகட்டிப் பக்கம் இறந்த யானைக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் இருந்தது உறுதியானது; அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அதிரப்பள்ளிக் காட்டில் செத்த காட்டுப்பன்றிகளுக்கும் அதே நோய். திடீர்ச் சாவு, மூக்கிலும் பின்புறத்திலும் உறையாத கறுத்த ரத்தம், உடனே உப்பும் உடல் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த உடலைத் திறந்தால் உள்ளிருக்கும் கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் கைபடாமல் விலகி நின்று கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் சொல்லிவிடுவது ஒன்றே வழி.

மாலையில் வேறு வேலை ஏதுமில்லை, கத்தி தீட்டினேன்.

மூன்றாம் நாள், சனி

நாளை ஈஸ்டர். இந்த மலையில் குடியேறிய கிறித்தவக் குடும்பங்கள் ஏழெட்டுச் சேர்ந்து ஒரு போத்து, அதாவது எருமைக்கடா, வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். மாமாவின் தோட்டத்தை அடுத்த சேட்டன் வீட்டில் இன்று பங்குக்கறி. நேற்றே கால்நடை மருத்துவர் வந்து விலங்கைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார். அறுக்க வந்தவர் பாலக்காட்டு ராவுத்தர். தலைமுறை தலைமுறையாகப் பாலக்காட்டில் வாழ்ந்தும் வீட்டில் தமிழே பேசும் சமூகம் அவர்களுடையது. உடன் வந்த மகன் அவரை "அத்தா" என்று அழைத்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும் பாய், வந்ததும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, சாணக் குழிக்கு எதிர்ப்புறம், காற்று வரும் பக்கமாக இருந்த ஷெட்டைத் தேர்ந்தெடுத்தார். இரும்பு உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டப்பட்டது. அடுப்பில் ஒரு குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

தொடங்கியபோது மணி மூன்றரை. வெயில் ஏறுவதற்குள் கறியின் சூடு இறங்கிவிட வேண்டும், ஈ விழிப்பதற்குள் தோல் கழன்றுவிட வேண்டும் என்பது கணக்கு. போத்தைத் தொழுவத்திலிருந்து தீவனக்காரர் மட்டும் தனியாக நடத்திக்கொண்டு வந்தார். கூட்டம் கூடக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பு. ரத்தம் சொட்டு சொட்டாகக் குறையும் வரை யாரையும் தொட விடவில்லை.

அறுக்கும்போது மூச்சுக்குழலோடு இரைக்குழலும் அறுபடுகிறது. எனவே பாய் முதலில் செய்தது, கழுத்தில் இரைக்குழலைத் தேடிப் பிரித்து, நனைத்து வைத்திருந்த வாழை நாரால் இறுக இரண்டு முடிச்சுப் போட்டதுதான். இல்லாவிட்டால் விலங்கைத் தொங்கவிடும்போது இரைப்பையின் பச்சைச் சாறு அந்த வழியாகக் கழுத்துக்கறியில் வழியும். அடுத்து மகன் பின்புறத்தில் ஆசனவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து, மலக்குடலை ஒரு சாண் வெளியே இழுத்து, நெகிழிப் பையை மாட்டி அதையும் நாரால் கட்டினார். இரண்டு வாயும் அடைபட்ட பிறகே தோலில் கத்தி பட்டது.

என் கையில் கத்தியைக் கொடுத்துப் பாய் சொல்லித்தந்தது இதுதான். முதல் கீறலுக்குப் பின் கத்தி வெளியிலிருந்து உள்ளே போகக்கூடாது. நுனியைத் தோலுக்கு அடியில் செருகி, கூர் வானத்தைப் பார்க்க, உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். வெளியிலிருந்து அறுத்தால் மயிரும் சாணித் துகளும் கத்தியோடு கறிக்குள் இறங்கும்; உள்ளிருந்து அறுத்தால் மயிர் அறுபடாமல் விலகிக்கொள்ளும். இடது கை தோலுக்கு, வலது கை கறிக்கு. இடது கை கறியைத் தொட்டுவிட்டால் நிறுத்திவிட்டுக் கழுவ வேண்டும். கழற்றிய தோலின் ஓரம் எப்போதும் வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்க வேண்டும். மயிர்ப்பக்கம் உள்ளே மடிந்து கறியைத் தொட்டால் செய்த வேலையெல்லாம் பாழ். நெஞ்சும் வயிறும் தாண்டியபின் கத்தியே தேவைப்படவில்லை. கைவிரல்களை முட்டியாக மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவிலுள்ள வெள்ளை ஜவ்வில் அழுத்திக்கொண்டே போனால், ஈரத்துணி சுவரிலிருந்து பிரிவதுபோலத் தோல் பிரிந்து வந்தது. முட்டியிலே அந்த வெதுவெதுப்பு இப்போதும் இருக்கிறது.

மகன் இரண்டு கத்திகளை மாறி மாறிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று கையில் இருக்கும்போது மற்றொன்று கொதிநீரில். பெரிய அறுவைக்கூடங்களில் கத்தி மூழ்கும் நீர் 82 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பார்கள். பாய்க்கு அந்த எண் தெரியாது, வேலை தெரியும்.

குடல் எடுக்கும்போதுதான் அது நடந்தது. செயின் பிளாக்கில் தலைகீழாகத் தூக்கி, இரண்டு விரல்களுக்கு நடுவே கத்தி நுனியை வைத்து, இரைப்பையை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே மகன் வயிற்றை மேலிருந்து கீழாகத் திறந்து வந்தார். சேட்டனின் தம்பி ஏதோ கேட்க, ஒரு கணம் திரும்பினார். இரைப்பையில் நெல்மணி அளவு ஓட்டை விழுந்தது. பச்சைச் சாறு விலாக்கறியில் உள்ளங்கை அகலத்துக்கு வழிந்தது. நான் பாய்ந்துபோய்த் தண்ணீர்க் குழாயை எடுத்தேன்.

"தம்பி, தண்ணியப் போடு கீழ!" என்று பாய் அதட்டினார். அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

ஓட்டையை மகன் விரலால் பொத்திக்கொள்ள, பாய் கொதிநீரிலிருந்து புதுக் கத்தியை எடுத்து, கறைபட்ட இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட்டு, விரல் கனத்துக்குக் கறியைச் சீவி எடுத்துக் குழியில் எறிந்தார். கத்தி மறுபடி கொதிநீருக்குப் போனது. பிறகுதான் என்னிடம் நிதானமாகச் சொன்னார்: தண்ணீர் ஊற்றினால் கண்ணுக்கு அழுக்குப் போய்விடும், ஆனால் உள்ளங்கை அளவு இருந்தது உடம்பு முழுக்கப் பரவி, ஒவ்வோர் இடுக்கிலும் போய் உட்காரும். ஈரம் இருந்தால் மேலே காய்ந்த படலம் கட்டாது. படலம் கட்டாத கறி சாயங்காலத்துக்குள் வழுவழுப்பாகிவிடும்.

நாம் தண்ணீரைத்தான் சுத்தம் என்று எண்ணுகிறோம். அரிசியைக் களைவதுபோல, கீரையை அலசுவதுபோலக் கறியையும் அலசினால் மனம் நிறைகிறது. நலமான விலங்கின் சதைக்குள் கிருமி ஏதும் இருப்பதில்லை. தோலிலிருந்தும் குளம்பிலிருந்தும் குடலிலிருந்தும் நம் கையிலிருந்தும்தான் அது வருகிறது. வந்ததைத் தண்ணீர் சுமந்து செல்கிறது. எங்கள் கோயிலில் ஓர் அண்டாத் தண்ணீர் மூன்று கிடாவின் அழுக்கையும் மூன்றுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறது.

ஈரலை எடுத்ததும் பாய் பித்தப்பையைக் கிள்ளாமல், சுற்றியுள்ள ஈரலோடு சேர்த்தே அறுத்து அகற்றினார். ஈரலின் அடிப்புறக் குழாய்களைக் குறுக்கே கீறிப் பார்த்தார். தட்டைப்புழு இருந்தால் குழாய் தடித்து, கத்தி நறநறவென்று உரசுமாம். ஈரல் நன்றாக இருந்தது. நுரையீரலில் மட்டும் எலுமிச்சை அளவில் ஒரு நீர்க்கட்டி வெள்ளையாகப் புடைத்திருந்தது. அதைக் குத்தாமல் நுரையீரல் முழுவதையும் தனியே எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கச் சொன்னார். வேலியோரம் நாலு நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டு நின்றன. அந்தக் கட்டியை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். புழுவின் முட்டை நாய் மலம் வழியாக மண்ணுக்கும் கீரைக்கும் குழந்தைகளின் கைக்கும் வந்து, மனிதர் ஈரலில் அதே கட்டியாக வளரும். ஊரெல்லாம் கறிக்கடை வாசலில் நாய்க்கு நுரையீரலை வீசுகிறோம். இதை யாராவது நமக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தரைக்கு உடல் முதுகெலும்போடு இரண்டாகப் பிளக்கப்பட்டு, இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஆள் நுழையும் இடைவெளியோடு தொங்கியது. மேல்பக்கத்தைத் தொட்டால் ஏழு மணிக்கே காகிதம்போல் உலர்ந்திருந்தது. பாய் பின்தொடையில் எலும்புவரை ஒரு கீறல் போட்டு விரித்துவிட்டார். எங்கள் கிடாக்கள் புளித்த இடம் அதுதான். உடலிலேயே கனத்த சதை, கடைசியாகச் சூடு இறங்கும் இடம். ஒன்பது மணிக்குள் பங்கு பிரித்து அவரவர் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் போய்விட்டது.

நான்காம் நாள், ஞாயிறு

நாலரை மணிக்கு மாமாவின் கிடா. கத்தி என் கையில், மாமா பக்கத்தில். நேற்றைய வேலையில் பத்தில் ஒரு பங்குதான் இது என்றாலும், இரைக்குழலைக் கட்டும்போது என் விரல் நடுங்கியது. இரண்டு முறை இடது கையால் கறியைத் தொட்டுவிட்டேன். இரண்டு முறையும் மாமா ஒன்றும் பேசாமல் செம்பை நீட்டினார். குடல் கிழியாமல் வந்தது. போட்டியை, அதாவது குடலையும் இரைப்பையையும், அத்தை தூரத்துக் கல்லில், வேறு கத்தியால், வேறு முறத்தில் சுத்தம் செய்தார்; அதற்கு மட்டும் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. விலாவை விரித்து ஒரு மூங்கில் குச்சியைக் குறுக்கே கொடுத்து, கொதிக்க வைத்துக் காய்ந்த வேட்டியைத் தளர்வாகச் சுற்றி, வேப்ப மரத்து நிழலில் தொங்கவிட்டோம். வேட்டியின்மேல் ஈ உட்கார்ந்தது, கறியில் உட்காரவில்லை.

வெட்டியதும் ஐஸில் வைத்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்டேன். விறைப்பு வருவதற்கு முன் கடுங்குளிர் பட்டால் சதை சுருங்கி ரப்பராகிவிடும் என்றார் மாமா. நாலு மணி நேரம் காற்றில் தொங்கி, கை வைத்தால் குளிர்ச்சி தெரிந்த பிறகே சப்பைகளைக் கழற்றினோம். புளியங்கட்டையை முதல் நாளே செதுக்கி, கல்லுப்புத் தேய்த்து வெயிலில் வைத்திருந்தார்கள். கழுத்துக்கறியையும் விலாக்கறியையும் விரல் கனத்தில் நீளமாக அரிந்து, மஞ்சளும் உப்பும் புரட்டி, அத்தை உப்புக்கண்டத்துக்குக் கயிற்றில் கோத்துவிட்டார். ஒரு பின்னந்தொடையைத் துணியில் சுற்றி, தண்ணீரை உறையவைத்த புட்டிகளுக்கு நடுவே, உருகும் ஈரம் படாதபடி ஐஸ் பெட்டியில் வைத்து எனக்குக் கொடுத்தார்கள்.

மாலைப் பேருந்தில் ஆனைகட்டி இறங்கி, வேறு வண்டி பிடித்து வீடு சேர இரவு எட்டரை ஆயிற்று. கை கழுவித் துடைத்துவிட்டு, தொடையை நேரே பலகையில் வைத்தேன். அலசலாமா என்று கேட்டு மனைவி பாத்திரத்தோடு நின்றார். வேண்டாம் என்றேன். மேலே படலம் காய்ந்து மங்கலாக இருந்தது. கத்தியை இடுப்பு மூட்டுக்குள் செலுத்தித் திருகினேன். மூட்டு மெல்லிய சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. உள்ளே எலும்பின் குமிழ் முத்துப்போல் வெளிறியிருந்தது; அதைச் சுற்றி மூட்டு நீர் கண்ணாடிபோல் தெளிவாகக் கசிந்தது. குனிந்து முகர்ந்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு அவரையும் முகரச் சொன்னேன். ஒரு வாசமும் இல்லை என்றார்.